சென்னை வெயிலில் நாக்டுவா என்எச்-டி15

என் மேசைக் கணினியில் இருப்பது இன்டெல் கோர் ஐ7-8700கே. இந்தச் செயலியின் ஆறு கோர்களையும் 4.8 கிகாஹெர்ட்ஸில் ஓட்டுகிறேன். அதைக் குளிர்விக்க மாட்டியிருப்பது நாக்டுவா நிறுவனத்தின் என்எச்-டி15 என்ற காற்றுக் கூலர். ஏசி இல்லாத அறை; மே மாதப் பிற்பகலில் உள்ளே 34 டிகிரி. கூலர் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டிய எண் இதுதான். காற்றுக் கூலரோ நீர்க் கூலரோ, வெப்பத்தைக் கடைசியில் அறைக் காற்றில்தான் கொட்டுகிறது. அறையைவிடக் குளிர்ச்சியாகச் செயலியை வைக்க இரண்டாலும் ஆகாது. 22 டிகிரி அறையில் சோதித்துச் செயலியின் சூடு 70 டிகிரி என்று எழுதியிருந்தால், நம் ஊரில் அதை 82 என்று படியுங்கள்.

ரிச்சி தெருவில் கேட்ட இடமெல்லாம் 240 மி.மீ. ரேடியேட்டர் வைத்த நீர்க் கூலரையே எடுத்து நீட்டினார்கள். நான் வேண்டாமென்றதற்குக் காரணம் இந்தச் செயலியேதான். இதன் சிலிக்கானுக்கும் உலோக மூடிக்கும் நடுவில் இன்டெல் பற்றாசு வைக்கவில்லை, வெறும் பசைதான். வெப்பம் அங்கேயே தேங்கிவிடுகிறது. மூடிக்கு மேல் எதைக் கொண்டுவந்து வைத்தாலும் பலன் ஓரளவுதான். அப்படியிருக்க, நீரைச் சுற்றவைக்கும், என்றாவது நின்றுபோகக்கூடிய பம்புக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

என்எச்-டி15 ஒரு பூதம். இரண்டு 140 மி.மீ. விசிறிகளோடு எடை 1,320 கிராம், உயரம் 165 மி.மீ. ஆனால் பொருத்துவது அவ்வளவு சுலபம். நடு விசிறியைக் கழற்றினால் இரண்டு திருகுகளும் கண்ணுக்குத் தெரிகின்றன. அவற்றை எட்டும் நீள ஸ்க்ரூடிரைவரைப் பெட்டியிலேயே வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்கினால், ஸ்பிரிங் இறுகி ஓரிடத்தில் தானாக நின்றுவிடுகிறது. மூடிக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் பசை சீராகப் பரவுகிறது.

34 டிகிரி அறையில், 1.25 வோல்ட்டில், செயலிக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் சோதனையை அரைமணி நேரம் ஓட்டியபோது, செயலியின் சூடு 84 டிகிரியைத் தாண்டவில்லை. விசிறிச் சத்தம் கூரை ஃபேனுக்கு அடியில் அமுங்கிவிடுகிறது. 5 கிகாஹெர்ட்ஸுக்கு 1.35 வோல்ட் கேட்கிறது. வேகம் கூடுவது நான்கு சதவீதம்; வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு ஏறும் வெப்பமோ ஐந்தில் ஒரு பங்கு கூடும். கோடையில் அந்தப் பேரம் கட்டாது.

குறை உண்டு. முன் விசிறிக்குக் கீழே ரேமுக்குக் கிடைப்பது 32 மி.மீ. மட்டுமே, வெப்பத்தைப் பரப்பும் உலோகத் தகடு மாட்டிய உயரமான ரேம் என்றால் விசிறியை மேலே ஏற்ற வேண்டும், கேபினெட் மூடாமல் போகலாம். வாங்குமுன் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். பழுப்பு நிறம் பிடிக்காதவர்களுக்குக் கறுப்பு வகையும் இருக்கிறது.

செயலியைப் பொருத்தும் புதிய சாக்கெட்டாக எல்ஜிஏ1700 வந்தபோது, பழைய கூலர் வைத்திருந்தவர்களுக்கு மாட்டும் கிட்டை நாக்டுவா இலவசமாகவே அனுப்பியது. விலையைப் பார்த்துத் தயங்குகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 253 வாட் வரை இழுக்கும் கோர் ஐ9-13900கே வைத்திருப்பவர் என்னிடம் கேட்டால் மட்டும், 360 மி.மீ. நீர்க் கூலரையே வாங்கச் சொல்வேன்.