பழைய சி-10 டிரக்கில் டாரஸ் காரின் விசிறி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அசையாமல் நிற்கும் வெப்பமானி முள், நெரிசலில் ஐந்து நிமிடம் நின்றவுடன் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறுமானால், குறை பெரும்பாலும் தண்ணீர் ஓட்டத்தில் அல்ல, காற்றோட்டத்தில்தான் இருக்கிறது. வேகமாக ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே போதும். விசிறியின் வேலை நிற்கும்போதும் ஊர்ந்து செல்லும்போதும்தான். இதற்கு நேர்மாறாக, ஓட்டத்தில் சூடேறி நிற்கும்போது தணியும் வண்டிக்கு எந்த விசிறியை வாங்கி மாட்டினாலும் பயனில்லை. அங்கே உப்புப் படிந்து அடைத்த ரேடியேட்டரையோ, வாட்டர் பம்ப் உறிஞ்சும்போது சப்பிப்போகும் கீழ் ஹோஸையோதான் தேட வேண்டும். என்னிடம் உள்ள 1971-ஆம் ஆண்டு செவர்லே சி-10 டிரக்கில், 5.7 லிட்டர் வி8 இன்ஜினின் இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) உட்பட எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்த்த பிறகே விசிறிப் பக்கம் வந்தேன். டைமிங் பின்தங்கியிருந்தாலும் ஐடிலில், அதாவது வண்டி நிற்க இன்ஜின் மட்டும் மெதுவாக ஓடும்போது, இன்ஜின் கொதிக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வண்டி என் கைக்கு வந்தபோது அதில் நான்கு இறக்கைகள் கொண்ட நிலையான விசிறி ஒன்று வாட்டர் பம்ப்பின் முகப்பில் நேரடியாகப் பொருத்தப்பட்டிருந்தது. அதைச் சுற்றி இருக்க வேண்டிய உறையை, அதாவது ஷ்ரௌடை, முந்தைய உரிமையாளர் எப்போதோ கழற்றி எறிந்திருந்தார். உறை இல்லாத விசிறி, தன் இறக்கைகள் சுழலும் வட்டத்துக்கு நேரே உள்ள பகுதி வழியாக மட்டுமே காற்றை இழுக்கும். ரேடியேட்டரின் நான்கு மூலைகளும் சும்மா கிடக்கும். அதைவிட மோசம், இறக்கை நுனிகளைச் சுற்றிச் சூடான காற்றே திரும்பத் திரும்ப உள்ளே வரும். இந்த ஒன்றை நான் முதலிலேயே புரிந்துகொண்டிருந்தால், அடுத்து வாங்கிய பொருளை வாங்கியிருக்க மாட்டேன்.

அந்தப் பொருள், எல்லா வண்டிகளுக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் 16 அங்குல மெல்லிய மின்விசிறி. பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த காற்றளவு மலைக்க வைத்தது. ஆனால் அப்படிப்பட்ட அளவுகள் பெரும்பாலும் விசிறிக்கு முன்னால் எந்தத் தடையும் இல்லாத திறந்தவெளியில் எடுக்கப்படுபவை. மூன்று வரிசைக் குழாய்கள் கொண்ட, பித்தளையும் செம்பும் கலந்த தடித்த கோர், அதாவது ரேடியேட்டரின் குழாய்களும் தகடுகளும் அடங்கிய நடுப்பகுதி, வழியாகக் காற்றை இழுக்கும்போது, சின்ன மோட்டார் திணறிப்போகிறது. முழு உறையும் இல்லை. இறக்கைகளைச் சுற்றி ஒரு வளையம் மட்டுமே இருந்தது. பொருத்துவதற்கு உடன் தந்திருந்தவை, கோர் வழியாகக் குத்திச் செருகும் பிளாஸ்டிக் கட்டுகள். அதிர்வில் அவை குழாயோடு உராய்ந்து மூன்றே மாதத்தில் ஈரக்கசிவை உண்டாக்கின. விசிறியில் மிச்சம் பிடித்தது ரேடியேட்டர் ஒட்டும் கூலியில் போயிற்று. அதைக் கிரில்லின் பக்கம் மாட்டித் தள்ளுவிசிறியாகவும் ஓட்டிப் பார்த்தேன். அந்த இடத்தில் அது ஓட்டத்தின்போது வரும் எதிர்க்காற்றையும் மறைத்ததுதான் மிச்சம்.

இதன் பிறகுதான், பழைய டிரக் ஓட்டுபவர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் ஃபோர்டு டாரஸ் விசிறியைத் தேடினேன். 1988 முதல் 1995 வரை விற்பனையான டாரஸில் 3.8 லிட்டர் வி6 இன்ஜின் உள்ள வகையில் வந்த இரு வேக விசிறி இது. புதிதாக வாங்கத் தேவையில்லை; கழித்த வண்டிகளைப் பிரித்து விற்கும் கடையில், முன்பு வாங்கியதைப் போன்ற புதிய மின்விசிறி ஒன்றின் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைத்தது. இதன் உண்மையான மதிப்பு மோட்டாரில் இல்லை, அதோடு வரும் ஆழமான பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. ஒரே பெரிய இறக்கைச் சக்கரம், அதற்கும் உறைக்கும் இடையே விரல் நுழையாத இடைவெளி, கோர் முகப்பிலிருந்து இறக்கை தள்ளி நிற்பதால் மூலைகளிலிருந்தும் காற்று வந்து சேர்வதற்கான இடம் என்று ஒரு தொழிற்சாலை தன் சொந்தக் காருக்காகச் செய்த வேலை எல்லாம் அதில் அப்படியே இருக்கிறது. என் ரேடியேட்டரின் உயரத்தை அது ஏறக்குறைய முழுதும் மூடியது. பக்கங்களில் எஞ்சிய இடைவெளியை அலுமினியத் தகட்டால் அடைத்து, ஓரங்களில் ரப்பர் பட்டை ஒட்டினேன். நான்கு இரும்புப் பட்டைகளை வளைத்து ரேடியேட்டரின் பக்கச் சட்டத்தில் போல்ட் போட்டேன். கோரைத் தொடவே இல்லை.

அளவெடுக்கும்போது ஒரு கவனம் தேவை. மோட்டார் தடிமனானது, அது வாட்டர் பம்ப் புல்லியை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். சி-10 போன்ற டிரக்கில் இடத்துக்குப் பஞ்சமில்லை என்றாலும், முடுக்கும்போது இன்ஜின் தன் தாங்கிகளில் ஆடும் என்பதையும் கணக்கில் கொண்டு இடைவெளி விட வேண்டும்.

இனி மின்சாரம். இந்த விசிறியைப் பற்றிய புகழ்ச்சிகள் எல்லாம் அடக்கி வாசிக்கும் பகுதி இதுதான். உயர் வேகத்தில் இது 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. தொடங்கும் கணத்தில் அதைப்போல் பல மடங்கு. கடையில் கிடைக்கும் சாதாரண 30 ஆம்பியர் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) இதன் முன் நிற்காது. எனக்கு இரண்டாம் வாரமே ஒன்றின் உள்முனைகள் ஒட்டிக்கொண்டு, சாவியை எடுத்த பின்னும் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. இப்போது உயர் வேகத்துக்கு 70 ஆம்பியர் தாங்கும் ரிலே, தாழ் வேகத்துக்கு 40 ஆம்பியர் ரிலே, 8 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, பேட்டரிக்கு ஒரு சாண் தொலைவிலேயே ஃபியூஸ் என்று அமைத்திருக்கிறேன். இரு வேகங்களுக்கும் தனித்தனி நேர்முனைக் கம்பிகளும் பொதுவாக ஓர் எர்த் கம்பியும் உள்ள மோட்டார் இது. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் மின்சாரம் போகக் கூடாது. ஆகவே உயர் வேக ரிலே இழுக்கும்போது தாழ் வேகத்தின் இணைப்புத் தானாகவே துண்டிக்கப்படும்படி, ரிலே இழுக்காதபோது மட்டும் இணைந்திருக்கும் 87ஏ முனை உள்ள ஐந்து முனை ரிலே வழியாகக் கம்பி இழுப்பது நல்லது. எர்த்தை ரேடியேட்டர் சட்டத்தின் பெயின்ட் மேல் முறுக்கி வைக்காமல் இன்ஜின் பிளாக்கிலேயே கொடுத்தேன்.

என் வண்டியோடு வந்த ஆல்டர்னேட்டரின் (இன்ஜினால் சுழன்று மின்சாரம் உண்டாக்கும் கருவி) திறன் 37 ஆம்பியர். அதுவும் இன்ஜின் வேகமாகச் சுழலும்போதுதான். ஐடிலில் அதில் பாதிகூட எதிர்பார்க்க முடியாது. விசிறி தேவைப்படுவதோ ஐடிலில்தான். விளக்கும் வைப்பரும் இயங்கும் ஒரு மழை இரவில், நெரிசலில் நின்றபோது, விசிறி உயர் வேகத்துக்குப் போனதும் முகப்பு விளக்குகள் மங்கியதைப் பார்த்த பிறகு 94 ஆம்பியர் தரும் 12எஸ்ஐ வகை ஆல்டர்னேட்டரை மாட்டினேன். பழைய பிடிப்பிலேயே அது உட்கார்ந்துவிடுகிறது; மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் அதன் உள்ளேயே இருப்பதால் வெளியே இருந்த பழைய பெட்டியின் கம்பிகளை மாற்றி இணைக்க வேண்டியிருந்தது. விசிறி, ரிலேக்கள், கம்பி, சென்சார், ஆல்டர்னேட்டர் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் விசிறிக்குக் கொடுத்ததுதான் மிகச் சிறிய தொகை. மலிவு என்று இதைப் பரிந்துரைப்பவர்கள் இந்தக் கூட்டலைச் சொல்வதில்லை.

சூட்டை அறிந்து விசிறியை இயக்கும் சென்சாரிலும் கஞ்சத்தனம் உதவாது. ரேடியேட்டர் தகடுகளுக்குள் செருகும் கம்பி வகை, கூலண்ட்டின், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் நீரின், சூட்டைவிடக் காற்றின் சூட்டையே அதிகம் படிக்கிறது. சூடேறியதும் திறந்து கூலண்ட்டை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட்டின் அருகே, இன்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் போகும் இன்டேக் மேனிஃபோல்டில் திருகும் வகையைப் போட்டேன். என் தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்கிறது. தாழ் வேகம் 90-இலும் உயர் வேகம் 97-இலும் தொடங்குகின்றன. தொடங்கும் அளவு தெர்மோஸ்டாட்டின் அளவுக்கு மிக அருகில் இருந்தால் விசிறி ஓய்வே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

பலன் என்னவென்றால், ஓராண்டாக முள் 95-ஐத் தாண்டிய நாள்கள் மிகச் சில. கோடை நெரிசலிலும் தாழ் வேகமே பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது. நெடுஞ்சாலையில் விசிறி இயங்குவதே இல்லை. காலையில் இன்ஜின் விரைவாகச் சூடாகிறது. பழைய நிலையான விசிறியின் இரைச்சல் போனதால் இன்ஜினின் ஒலியே புதிதாகக் கேட்கிறது. உயர் வேகத்தில் மட்டும் இது ஒரு சிறு விமானம்போல் ஊளையிடும். பெட்ரோல் மிச்சமாகுமா என்று கேட்பவர்களுக்கு, நான் அளந்த அளவில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. 30 ஆம்பியரை உண்டாக்கவே ஆல்டர்னேட்டர் இன்ஜினிடமிருந்து ஏறக்குறைய ஒரு குதிரைத்திறனை வாங்கிக்கொள்கிறது; அது எப்போதாவதுதான் என்பதே ஆறுதல்.

அப்படியென்றால் எல்லோரும் இதையே மாட்டலாமா? என் தம்பியின் டிரக்குக்கு நான் இதைச் சொல்லவில்லை. அவனுடைய வண்டிக்குத் தொழிற்சாலை ஷ்ரௌட் பழைய பாகமாகக் கிடைத்தது. அதோடு ஏசி வைத்த டிரக்குகளில் வந்த ஏழு இறக்கை விசிறியும், புதிய தெர்மல் கிளட்ச்சும் போட்டோம். கிளட்ச்சின் முகப்பில் உள்ள, இரு வேறு உலோகங்கள் ஒட்டிய சுருள், ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்றின் சூட்டைப் பொறுத்து, உள்ளே இருக்கும் சிலிகோன் எண்ணெயைத் திறந்துவிட்டு விசிறியைப் பிடிக்கச் செய்கிறது. இறக்கைகளின் அகலத்தில் ஏறக்குறைய பாதி ஷ்ரௌடுக்குள்ளும் மீதி வெளியேயும் நிற்கும்படி இடைத்தகடு வைத்தோம். ஒரு கம்பி இல்லை, ஒரு ரிலே இல்லை, ஆல்டர்னேட்டரையும் தொடவில்லை. மொத்தச் செலவு என்னுடையதில் பாதிக்கும் கீழே. அவன் வண்டியும் நெரிசலில் சூடேறுவதில்லை. பழைய கிளட்ச் வாங்குபவர்கள் இன்ஜினைச் சூடாக்கி நிறுத்திவிட்டு விசிறியைக் கையால் தள்ளிப் பார்க்கலாம்; எதிர்ப்பே இல்லாமல் சுற்றிக்கொண்டே போனாலோ, சுருளைச் சுற்றி எண்ணெய்க் கறை இருந்தாலோ அதை விட்டுவிடலாம்.

ஆகவே ஷ்ரௌட் கிடைக்கும் வண்டிக்குக் கிளட்ச் விசிறியே என் முதல் தேர்வு. ஷ்ரௌட் கிடைக்காத வண்டிக்கும், வேறு இன்ஜின் மாற்றியதால் பம்ப்பும் ரேடியேட்டரும் நேர்க்கோட்டில் இல்லாத வண்டிக்கும், ஆல்டர்னேட்டரை எப்படியும் மாற்றப்போகிறவருக்கும் டாரஸ் விசிறியைத் தயங்காமல் சொல்வேன். பழைய மோட்டாரை வாங்குமுன் பேட்டரியில் இணைத்து இரு வேகங்களிலும் ஓட்டிப் பார்த்து, அச்சில் ஆட்டம் இல்லை என்று உறுதிசெய்வது அவசியம். அந்த 70 ஆம்பியர் ரிலேயில் கூடுதலாக ஒன்றை வாங்கி இருக்கைக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறேன். இதுவரை எடுக்க நேரவில்லை.