நாடாப்புழு எந்த வகை: முட்டையா, துண்டா, முழுப்புழுவா, பி.சி.ஆரா?

நாடாப்புழு சந்தேகம் என்றதும் பெரும்பாலானவர்கள் கைவைப்பது மிதவைப் பரிசோதனையில்தான். சர்க்கரைக் கரைசலிலோ ஜிங்க் சல்பேட்டிலோ மலத்தைக் கலக்கி, மிதந்து வரும் முட்டைகளை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது. செலவு குறைவு, சீக்கிரம் முடியும், சரி. ஆனால் நாடாப்புழுவுக்கு நான் இதைக் கடைசியில்தான் வைப்பேன். பல உருளைப்புழுக்கள் முட்டைகளைக் குடலிலேயே இட்டுவிடும், அவை மலத்தோடு கலந்து வரும். நாய், பூனையின் நாடாப்புழுக்களில் பெரும்பாலானவை தங்கள் உடலில் முட்டை நிறைந்த துண்டையே கழற்றி அனுப்புகின்றன. அது உடையாமல் வெளியேறினால் நாம் எடுத்த மாதிரியில் ஒரு முட்டைகூட இருக்காது. ஆகவே ரிப்போர்ட்டில் 'முட்டை இல்லை' என்றிருந்தால் புழு இல்லை என்று அர்த்தமில்லை.

முட்டை கிடைத்தாலும் வம்புதான். டீனியா, எக்கினோகாக்கஸ் என்ற இரண்டு நாடாப்புழு வகைகளின் முட்டைகளும் ஒரே அச்சு: உருண்டை, பழுப்பு நிறம், ஆரக்கோடுகள் ஓடும் தடித்த சுவர், உள்ளே 6 கொக்கிகள். எவ்வளவு உருப்பெருக்கினாலும் பிரிக்க முடியாது. மனிதருக்கு நீர்க்கட்டி நோய் தருவது எக்கினோகாக்கஸ் என்பதால், நமக்கு வேண்டிய வித்தியாசமே அதுதான். ஆடுமாடுகளின் மோனீசியா முட்டை மட்டும் முக்கோணமாகவோ சதுரமாகவோ இருந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அதையே நாயின் மலத்தில் பார்த்தால் அவசரப்பட வேண்டாம், நாய் ஆட்டுப்புழுக்கையைத் தின்றிருக்கும், அவ்வளவுதான்.

துண்டு கையில் இருந்தால் கதையே வேறு. காய்ந்திருந்தால் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டால் ஊறிப் பழைய வடிவத்துக்கு வரும். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே அழுத்தி, இனப்பெருக்கத் துளை எங்கே என்று பாருங்கள். இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று இருந்து, துண்டு வெள்ளரி விதை மாதிரி இருந்தால் டைபிலிடியம் கேனினம். தெள்ளுப்பூச்சி வழியாக நாய்க்கும் பூனைக்கும் வருவது. ஒரு ஓரத்தில் மட்டும் என்றால் டீனியா பக்கம் போகலாம். ஓரத்திலேயே இல்லாமல் வயிற்றுப்புறத்தின் நடுவில் துளை, உள்ளே முட்டைகள் திரண்ட ஒரு உருண்டை என்றால் மீசோசெஸ்டாய்டஸ் என்ற வகை. மோனீசியாவில் துண்டின் பின்விளிம்பில் சுரப்பிகள் வரிசையாக இருக்கும், சாயமேற்றினால் தெளிவாகத் தெரியும்: அகலம் முழுக்க ஓடினால் எக்ஸ்பான்சா இனம், நடுவில் குட்டையாக நின்றுவிட்டால் பெனடெனி இனம். சாயத்தையும் ஒரு சாதாரண மைக்ரோஸ்கோப்பையும் வைத்துக்கொண்டு இவ்வளவு சொல்ல முடிவதால் இந்த முறைமேல் எனக்குக் கொஞ்சம் பாசம் அதிகம். ஆனால் உதிர்ந்த டீனியா துண்டை வைத்து எந்த டீனியா என்று அடித்துச் சொல்பவரை நம்பாதீர்கள்.

அதற்குத் தலையோடு முழுப்புழு வேண்டும். தலையில் பெரிதும் சிறிதுமாகக் கொக்கிகள் இரண்டு வட்டமாக இருக்கும். அவற்றின் எண்ணிக்கையும் நீளமும்தான் டீனியா இனங்களைப் பிரிக்கும். காட்டு விலங்கு என்றால் இறந்துகிடந்த உடலைத் திறந்துதான் இதை எடுக்க வேண்டியிருக்கும், அது பழசாகியிருந்தால் கொக்கிகள் உதிர்ந்துபோயிருக்கும். எக்கினோகாக்கஸ் சில மில்லிமீட்டர்தான், குடல்சுவர் மடிப்பில் மறைந்தே போகும். குடலைச் சுரண்டி, படியவிட்டு, எண்ணும் முறை நரிகளில் இதற்கு நம்பகமானது, ஆனால் வேலை முதுகை ஒடிக்கும். ஆபத்தும் உண்டு: இதன் முட்டைகள் -20 டிகிரி குளிரில் சாகாது, அதனால் குடலை -80 டிகிரியில் சில நாள் வைத்த பிறகே திறப்பார்கள்.

மலம் மட்டும்தான் கிடைக்கும் என்றால், புழுவின் புரதத்தைத் தேடும் எலிசாவும் அதன் டி.என்.ஏ.வைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆரும் மிஞ்சும். புழு முட்டை போடத் தொடங்கும் முன்பே அதன் புரதத்தை எலிசா பிடித்துவிடும், நூற்றுக்கணக்கான மாதிரிகளில் சந்தேகமானவற்றைப் பிரித்தெடுக்க வசதி. இனத்தை உறுதியாகச் சொல்லாது. பி.சி.ஆர். சொல்லும், காட்டில் பொறுக்கிய எச்சம் எந்த விலங்கினுடையது என்பதையும் அதே டி.என்.ஏ.விலிருந்து எடுக்கலாம். மலத்திலுள்ள சில பொருட்கள் வினையைத் தடுத்துவிடுவது இதன் பெரிய தலைவலி, அதனால் நெகட்டிவ் வந்தால் தடை இருந்ததா என்றும் சோதிக்க வேண்டும்.

வீட்டு நாய் என்றால் முதலில் துண்டைத் தேடுங்கள், காட்டு மாமிசவுண்ணியின் எச்சம் என்றால் நேராக பி.சி.ஆருக்குப் போங்கள். எதுவானாலும் கையுறையோடு எடுத்து ஆல்கஹாலில் போடுங்கள், ஃபார்மலினில் வேண்டாம், அது டி.என்.ஏ.வைக் கெடுத்துவிடும், அப்புறம் பி.சி.ஆர். பக்கமே போக முடியாது.