மதுரை உப்புத் தண்ணிக்கு ஸ்டீம் ஸ்டெரிலைசர் தாங்குமா?

குழந்தையின் பால் பாட்டிலை ஆவியால் கிருமி நீக்கும், ஆறு பாட்டில் கொள்ளும், உலர்த்தும் வசதியும் உள்ள மின் ஸ்டெரிலைசர் பற்றியது இது. கிருமி நீக்க மட்டும் என்றால் இவ்வளவு காசு போட வேண்டாம். மூடி போட்ட பெரிய பாத்திரமே போதும். உலர்த்தும் விசிறிக்காக வாங்கலாம், அது உண்மையிலேயே உதவும். ஐப்பசி மழையில் பாட்டிலும் தாய்ப்பால் எடுக்கும் பம்பின் பாகங்களும் ஈரம் காயாமல் கிடக்கும் வீடுகளுக்கு அது தெரியும்.

பெரும்பாலான மாடல்களில் அடித்தட்டில் ஊற்றும் தண்ணீர் முழுதும் ஆவியானதும் தட்டின் சூடு சட்டென ஏறும். அதை வைத்தே இயந்திரம் நின்றுகொள்ளும். ஆக, தண்ணீரின் அளவுதான் நேரத்தின் அளவு. பல மாடல்களுக்கு 90 மில்லி. கூடவே வரும் அளவுக் குவளையால் அளந்து ஊற்றுங்கள். குறைந்தால் ஆவி போதுமான நேரம் நிற்காது.

போர் தண்ணீர் ஊற்றுவதில்தான் நம் ஊரில் இந்தக் கருவி கெடுகிறது. பக்கெட்டிலும் குழாய் வாயிலும் படிகிற அதே வெள்ளை உப்பு தட்டிலும் கெட்டியாகப் படியும். சூடு தண்ணீருக்குள் இறங்காது. தட்டு மட்டும் கொதித்து, தண்ணீர் மிச்சமிருக்கும்போதே இயந்திரம் நின்றுவிடும். 'மெஷின் போச்சு' என்று சர்வீஸுக்குத் தூக்கும் முன் தட்டைப் பாருங்கள். ஆர்.ஓ. தண்ணீரோ கேன் தண்ணீரோ ஊற்றினால் படிவது வெகுவாகக் குறையும். படிந்ததை நீக்க, ஒரு தேக்கரண்டி எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துத் தட்டில் அரை மணி நேரம் ஊறவிட்டு, ஈரத்துணியால் துடைத்தெடுத்து, நல்ல தண்ணீரால் இரண்டு முறை துடைக்கவும். கம்பி நார் போட்டுத் தேய்த்தால் தட்டு கீறிப் போகும். அடிப்பாகத்தைக் குழாயடியில் காட்டவே கூடாது, உள்ளே மின்சாரப் பாகம் இருக்கிறது.

ஸ்டெரிலைசர் எதையும் கழுவாது. பால் ஒட்டியிருந்தால் அதையும் சேர்த்து வேகவைக்கும், பிறகு அதைச் சுரண்டினாலும் வராது. பால் எடுத்ததும் பம்பைக் கழற்றி, மார்பில் வைக்கும் ஃபனல், வால்வு, டயஃப்ரம் (உள்ளிருக்கும் சவ்வு), பாட்டில் எல்லாவற்றையும் முதலில் சாதாரணத் தண்ணீரில் அலசுங்கள். எடுத்தவுடனே வெந்நீர் பட்டால் பாலின் புரதம் இறுகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சோப்பும் சூடான தண்ணீரும். இதற்கென்று தனிப் பேசின் வேண்டும். கறி கழுவிய சிங்க்கில் போடாதீர்கள். விரலால் தடவும்போது வழுவழுப்பு இருந்தால் கொழுப்பு இன்னும் போகவில்லை, மறுபடி சோப்பு. வாத்து அலகு போலிருக்கும் டக்பில் வால்வின் பிளவுக்குள் பிரஷை விடக் கூடாது. சின்னக் கிழிசல் போதும், பம்பின் இழுவை குறைந்துவிடும். பால் குறைந்துவிட்டதென்று அம்மாக்கள் பயப்படும்போது, முதலில் அந்த வால்வை மாற்றிப் பார்க்க வேண்டும்.

பம்பின் டியூபை ஸ்டெரிலைசரில் போட வேண்டாம். உள்ளே நீர்த்துளி தெரிந்தால் டியூபை மட்டும் மாட்டி, உலரும்வரை சில நிமிடம் பம்பை ஓடவிடுங்கள். பூஞ்சை பிடித்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்.

இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தை, குறைமாதக் குழந்தை, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தை என்றால் தினம் ஒரு முறையாவது ஸ்டெரிலைஸ் செய்யுங்கள். பாகங்களை வாய் கீழாக, ஒன்றன்மேல் ஒன்று படாமல் அடுக்கினால்தான் ஆவி உள்ளே போகும், தண்ணீரும் வடியும். வெளியே எடுக்கும்போது கை கழுவியிருக்க வேண்டும். முந்தானையாலோ சமையலறைத் துணியாலோ துடைத்தால் அத்தனை வேலையும் வீண்.

வாங்கும் கடையில் பால் பாட்டில் இலவசம் என்றால் ஏற்காதீர்கள். பாட்டிலை இலவசமாகக் கொடுத்து விற்பனையைத் தூண்டுவதை, குழந்தை உணவு, பால் பாட்டில் பற்றிய 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பிளாஸ்டிக் பால் பாட்டிலுக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 14625 முத்திரை பாட்டிலில் இருக்கிறதா பாருங்கள். பாலாடையில் (மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) புகட்ட முடிந்தால் இன்னும் நல்லது, நிப்பிள் இடுக்கு இல்லாததால் கழுவவும் எளிது.

இயந்திரம் வாங்கினாலும் பாத்திரத்தை மேலே ஏற்றிவிடாதீர்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக ஈ.பி. பகல் முழுக்கக் கரண்டை நிறுத்தும் நாளில் அதுதான் கைகொடுக்கும்: அடியில் ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்து, பாகங்கள் முழுக்க மூழ்கத் தண்ணீர் ஊற்றி, நன்கு கொதிக்க ஆரம்பித்ததிலிருந்து 5 நிமிடம் விடுங்கள். தட்டு இல்லாவிட்டால் பிளாஸ்டிக் அடியில் பட்டு நெளிந்துவிடும்.