லோமே ஒப்பந்தமா, நோக்க அறிவிப்பா?

1973 ஜனவரி 1 அன்று பிரிட்டன், இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்தது. அதன் பழைய காலனிகள் எல்லாவற்றுக்கும் ஒரே கதவு திறக்கவில்லை.

ஆப்பிரிக்க, கரீபியன், பசிபிக் நாடுகளுக்குக் கிடைத்தது, 1975இல் டோகோவின் தலைநகர் லோமேயில் கையெழுத்தான ஒப்பந்தம். மொத்தம் 46 நாடுகள். அதன்படி, பெரும்பாலான சரக்கு வரியில்லாமல் ஐரோப்பாவுக்குள் போக முடிந்தது. பதிலுக்கு இந்த நாடுகள் தங்கள் வரியைக் குறைக்க வேண்டியிருக்கவில்லை. மொரிஷியஸையே பாருங்கள்: ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் டன் சர்க்கரைக்கு உத்தரவாத விலை. பல ஆண்டுகள் அது உலகச் சந்தை விலையைவிட மிக அதிகம். நம் ஊர்க்காரர்களும் கூலிகளாகப் போய் உழைத்த கரும்புத் தோட்டங்கள்தான் அவை.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும்? வெறும் 'நோக்க அறிவிப்பு'. அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்பதுதான் அதன் சாரம். 1973 டிசம்பரில் இந்தியாவும் 1975இல் இலங்கையும் தனித்தனியே வணிக ஒப்பந்தம் போட்டன. தேயிலைக்கு வரி இல்லை, சரி; துணிக்கோ கோட்டா. சர்க்கரையில் இந்தியாவுக்குக் கிடைத்த 25,000 டன், மொரிஷியஸின் பங்குக்கு முன்னால் ஒரு கைப்பிடி.

அன்றைய கணக்கில் லோமேதான் லாபம். ஆனால் சலுகை விலையை நம்பியிருந்த தீவுகள் பின்னாளில் திணறின. அந்த விலை போகப்போகிறது என்று தெரிந்ததும், 2005இலேயே கரீபியன் தீவான செயின்ட் கிட்ஸ் தன் சர்க்கரைத் தொழிலை மூடிவிட்டது.