அம்மாவின் மருந்துப் பட்டியல்: ஹெல்த்ஹப்பிலா, கைப்பேசியிலா, கைப்பையிலா?

போன வருடம் ஒரு சனிக்கிழமை மாலை அம்மாவுக்கு மூக்கிலிருந்து ரத்தம் வந்து நிற்கவே இல்லை. எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் மருந்தகத்துக்கு (கிளினிக்) ஓடினோம். அன்று அங்கே கணினி முடங்கியிருந்தது. "வார்ஃபரின் எவ்வளவு சாப்பிடுறீங்கம்மா?" என்று கேட்டார் மருத்துவர். "ராத்திரி ஒரு பிங்க் மாத்திரை டாக்டர்" என்றார் அம்மா. மருத்துவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வார்ஃபரின் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து. அதில் ஒரு நிறுவனத்தின் 1 மில்லிகிராம் மாத்திரையும் இளஞ்சிவப்பு, இன்னொன்றின் 5 மில்லிகிராமும் இளஞ்சிவப்பு. ஐந்து மடங்கு வித்தியாசம்! தம்பி எங்கள் வீட்டுக்கு ஓடி, லேபிள் ஒட்டிய மருந்துப் பையை எடுத்து வரும்வரை என் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அது பேரிடர் இல்லை, ஒரு சின்ன மருந்தகத்தின் கணினிக் கோளாறு. அதற்கே இப்படி என்றால் மின்சாரமும் இணையமும் சேர்ந்து போகும் நாளில் என்ன செய்வது? அன்றிலிருந்து வீட்டில் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன்.

முழுமை என்று பார்த்தால் சிங்கப்பூரின் தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவுக்கு ஈடில்லை. 2011-இல் தொடங்கியது. ஒவ்வாமை, நோய்கள், மருந்துகள், ரத்தப் பரிசோதனை முடிவு என்று ஒருவரைப் பற்றிய முக்கியத் தகவல்கள் அதில் இருக்கும். அம்மா மயங்கிக் கிடந்தாலும், அவசரப் பிரிவு மருத்துவரால் அதைத் திறக்க முடியும். நாம் எழுதி வைக்கும் எதுவும் இதைச் செய்யாது. நாம் பார்ப்பது ஹெல்த்ஹப் என்ற அரசாங்கச் சுகாதாரச் செயலி வழியாக. அதற்குச் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னியல் அடையாளக் கணக்கு வேண்டும், இணையம் வேண்டும், பெற்றோர் விவரத்தைப் பார்க்க முன்கூட்டியே பராமரிப்பாளராகப் பதிந்திருக்க வேண்டும். நான் பதிந்திருக்கவில்லை. அது முழுக்க என் தவறு.

பதிவு பத்திரமாக இருப்பதும் அது கைக்கு எட்டுவதும் ஒன்றல்ல. 2018-இல் சிங்ஹெல்த் என்ற பொது மருத்துவமனைக் குழுமத்தின் மீது நடந்த இணையத் தாக்குதலில் 15 லட்சம் பேரின் விவரங்கள் திருடு போயின. அதன்பிறகு பொது மருத்துவமனைக் கணினிகளை இணையத்திலிருந்து பிரித்தார்கள். 2023 நவம்பர் 1 அன்று வேறு வகைத் தாக்குதல். பொது மருத்துவமனைகளின் இணையத் தொடர்பு சுமார் ஏழு மணி நேரம் போனது. உள்ளே நோயாளிப் பதிவுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, சிகிச்சையும் நடந்தது. கட்டமைத்தவர்களை மனதாரப் பாராட்ட வேண்டும். ஆனால் அத்தகைய நாளில், வாசலுக்கு வெளியே நிற்கும் நம் கையில் என்ன இருக்கும்?

"அப்போ பழையபடி காகிதமே போதுமே" என்பார் என் சித்தப்பா. மருத்துவமனை அலமாரிக் காகிதத்தைச் சொன்னால், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2005-இல் கத்ரீனா புயலில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸில் எத்தனையோ காகிதக் கோப்புகள் வெள்ளத்தில் நாசமாயின. அங்கிருந்த முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனையின் மின்னியல் பதிவுகளோ சில நாள்களில் வேறு ஊர்களில் திறக்கப்பட்டன. அதே நாட்டின் ஜாப்லின் நகர மருத்துவமனையைச் சூறாவளி சிதைத்தது 2011 மே 22-இல். அவர்கள் மின்னியல் பதிவுக்கு மாறி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, அதனால் பதிவுகள் தப்பின!

அதே 2011-இல் ஜப்பானில் ஆழிப்பேரலை மருத்துவமனைக் கோப்புகளை அடித்துச் சென்றபோது, மக்கள் தங்களிடம் வைத்திருந்த சின்ன மருந்துக் குறிப்பேடு கைகொடுத்தது. அதைப் பார்த்து மருத்துவர்கள் அதே மருந்தை மறுபடி எழுதித் தந்தார்கள். அலமாரிக் காகிதம் வேறு, ஆளோடு நடக்கும் காகிதம் வேறு.

கைப்பேசி, தேசியப் பதிவுக்கும் ஆளோடு நடக்கும் காகிதத்துக்கும் நடுவில். ஐபோனில் மருத்துவ அடையாளப் பக்கத்தை நிரப்பி, பூட்டிய திரையிலும் தெரியும்படி அமைத்துவிட்டால், கடவுச்சொல் இல்லாமலே மற்றவர் பார்க்கலாம். இணையம் தேவையில்லை. ஆண்ட்ராய்டிலும் அவசரத் தகவல் பக்கம் உண்டு. பேட்டரி தீர்ந்தால் அதோடு சரி. அம்மா போல அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வருபவர்களுக்கு அந்த அளவுக்கும் உதவாது.

தம்ப் டிரைவ் யோசனையை விட்டுவிட்டேன். யாரோ நீட்டும் தம்ப் டிரைவை மருத்துவமனைக் கணினியில் செருகவே மாட்டார்கள், செருகவும் கூடாது.

என் தீர்ப்பில் முதல் ஒரு மணி நேரத்துக்குக் காகிதம், அதற்குத் துணையாகக் கைப்பேசி. மருத்துவமனைக்குள் போனபிறகு தேசியப் பதிவு. குடிமைத் தற்காப்புப் படை சொல்லும் அவசரகாலப் பையில் மருந்துக்கும் முக்கிய ஆவணங்களுக்கும் இடம் உண்டு. அதில் ஒரு பிரதி, அம்மாவின் கைப்பையில் ஒரு பிரதி.

அரைப்பக்க அட்டைதான். மருந்தின் பெயரை ஆங்கிலத்தில் எழுதினேன், எந்த மருத்துவருக்கும் புரிய வேண்டுமே. பக்கத்தில் மில்லிகிராம், வேளை, எதற்கான மருந்து. பெனிசிலின் ஒவ்வாமையைச் சிவப்பு மையில் மேலே. என் எண்ணும் தம்பி எண்ணும் கீழே. தொலைந்தால் வம்பு என்பதால் அடையாள அட்டை எண்ணை முழுதாக எழுதவில்லை.

காகிதத்தின் பெரிய ஆபத்து, பழசாகிப் போவது. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) ரத்தம் பார்த்து அளவை மாற்றும் ஒவ்வொரு முறையும் அட்டையும் மாற வேண்டும். பழைய அளவு எழுதிய அட்டை, அட்டையே இல்லாததைவிட மோசம். அதனால் மூலையில் தேதி போடுகிறோம். இப்போது மருந்து வாங்கி வந்ததும் அம்மாவே பழைய அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, "புதுசு எழுதிக் குடு" என்று பேனாவை நீட்டுகிறார்.