சிங்கிள் ஓனர் எம்ஜிபி ரோட்ஸ்டர்: ஃபைலை நம்பலாமா?

பிரிட்டனில் எம்ஜி கம்பெனியின் பழைய திறந்த ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபி ரோட்ஸ்டரை விற்பவர்கள் "ஒரே ஓனர், எல்லா பில்லும் இருக்கிறது" என்று சொன்னாலே விலை ஒரு படி ஏறிவிடும். அந்தக் கூடுதல் விலை நியாயமானதுதான், பில்லும் சான்றிதழும் உள்ள ஃபைலில் இருப்பதும் வண்டிக்கு அடியில் இருப்பதும் ஒத்துப்போனால்.

முதலில் வண்டி. ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை, கூரை வைத்த ஜிடி மாடலையும் சேர்த்து 5 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். 1,798 சிசி, இரட்டை எஸ்யூ கார்புரேட்டர், 95 குதிரைசக்தி. 60 மைல் வேகத்தைத் தொட 12 நொடி ஆகும். இன்றைய சாதாரணக் குடும்பக் கார்கூட முந்திப் போகும். வேகத்துக்காக இதை வாங்குபவர்கள் ஏமாறுவார்கள். அநேகமாக எந்தப் பாகமும் இன்றும் புதிதாகக் கிடைக்கும், சாதாரண ஸ்பேனர் செட்டை வைத்தே பாதி வேலையை முடித்துவிடலாம் என்பதுதான் இதன் பலம். 1964 கடைசியில் கிராங்க் ஷாஃப்டுக்கு மூன்று பேரிங்குக்குப் பதில் ஐந்து வந்தது. 1974 கடைசியில் அமெரிக்க விதிக்காக ரப்பர் பம்பர் மாட்டி, வண்டியையும் உயர்த்தினார்கள், அதனால் வளைவில் சாய்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் வந்தவையே நல்ல வண்டிகள்.

ஃபைலில் முதலில் தேட வேண்டியது ஹெரிடேஜ் சான்றிதழ். கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து இதைத் தருகிறது: தயாரித்த தேதி, எஞ்சின் எண், முதல் நிறம், எந்த நாட்டுக்கு அனுப்பினார்கள் என்பதெல்லாம் இருக்கும். அதில் அமெரிக்கா என்று இருந்தால், "புதிதாக வாங்கியதிலிருந்து இங்கே ஒரே ஓனர்" என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. வி5சி என்ற வண்டிப் பதிவுப் புத்தகத்தில் முந்தைய கீப்பர்களின், அதாவது வண்டியை வைத்திருப்பதாகப் பதிவானவர்களின், எண்ணிக்கை இருக்கும். ஆனால் கீப்பர் வேறு, சட்டப்படியான உரிமையாளர் வேறு, அது அந்தப் புத்தகத்திலேயே அச்சிட்டிருக்கிறது. பணம் கொடுத்து வாங்கிய ரசீதையும் கேளுங்கள்.

ஓடோமீட்டரில் ஐந்து இலக்கம்தான். 43,000 என்று காட்டினால் அது 1,43,000 ஆகவும் இருக்கலாம். எம்ஓடி என்ற ஆண்டுச் சோதனையின் பழைய சான்றிதழ்களை ஆண்டு வரிசையில் அடுக்கி மைலேஜைப் பாருங்கள். 40 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2018 மே முதல் எம்ஓடி கட்டாயம் இல்லை. பல ஃபைல்கள் அந்த இடத்தில் நின்றுபோகின்றன. கட்டாயம் இல்லாத பிறகும் சோதனைக்கு எடுத்துப்போன ஓனர் என்றால், அவரைக் கொஞ்சம் கூடுதலாக நம்பலாம்.

இனி எல்லாவற்றையும்விட முக்கியமான இடம்: கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டி. கூரை இல்லாத வண்டி, தனிச் சட்டமும் கிடையாது; உடம்பின் வலுவே இதில்தான். வெளித் தகடு, நடுத் தகடு, உள் தகடு, அடியில் பல்பல்லாக விளிம்பு வெட்டிய காஸில் ரெயில் என்று அடுக்கடுக்காக இருக்கும். வெளித் தகடு, சக்கரத்தை மூடும் முன் விங்குக்கும் பின் விங்குக்கும் உள்ளே நீண்டு போகிறது. அதனால் ஒழுங்காக மாற்றுவதென்றால் முன் விங்கைக் கழற்ற வேண்டும், பின் விங்கின் கீழ்ப்பகுதியை வெட்ட வேண்டும், கதவு இடைவெளிக்குக் குறுக்கே முட்டுக் கொடுத்த பிறகே பழையதை அறுக்க வேண்டும். பில்லில் "சில் வேலை" என்று இருந்து கூலி மட்டும் சொற்பமாக இருந்தால், துருவின் மேலேயே ஒரு மூடித் தகட்டை வெல்டிங் செய்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று பொருள். ஜாக்கி முனையில் வண்டியைத் தூக்கிக் கதவைத் திறந்து பாருங்கள். கதவின் பின்விளிம்பு இடைவெளி மாறினாலோ கதவு மாட்டினாலோ உள்ளே தகடு இல்லை. காந்தத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பட்டி பூசிய இடத்தில் அது ஒட்டாது.

கிளட்ச் பில் இருந்தால் தொகையைப் பாருங்கள். இந்த வண்டியில் கிளட்ச் மாற்ற எஞ்சினை வெளியே எடுத்தாக வேண்டும். கார்பன் ரிலீஸ் பேரிங், பிளேட், கவர் மூன்றும் ஒரே பில்லில் வந்திருந்தால் செய்தவருக்கு விவரம் தெரியும். எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியரான ஓவர்டிரைவ் இருந்தால் ஓட்டிப் பார்க்காமல் விடாதீர்கள்: 70 மைல் வேகத்தில் எஞ்சின் சுற்று 3,900-இலிருந்து 3,200 அளவுக்கு இறங்க வேண்டும். வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் வயரிங், சுவிட்ச் அல்லது எண்ணெய்க் குறைவு. அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம், பயப்பட வேண்டாம். எஞ்சின் சூடான பிறகு ஓடும்போது ஆயில் பிரஷர் 50 பவுண்டுக்குக் கீழே போகக் கூடாது. முன் சக்கரம் திரும்புவதற்கு அச்சாக இருக்கும் கிங் பின்னுக்கு 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள்; ஒருவர் பிரேக்கை மிதித்த பிறகும் ஆட்டம் இருந்தால் தேய்ந்தது வீல் பேரிங் இல்லை, கிங் பின்.

ஒரே கையில் இருந்த வண்டிகளுக்கென்று ஒரு தனி வியாதி உண்டு. ஓனருக்கு வயதாக ஆக வண்டி ஷெட்டிலேயே நின்றுவிடும். பிரேக் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி, மிதித்த பிரேக் விடாது. எஸ்யூ பெட்ரோல் பம்பின் பாயின்ட் கறுத்து, இக்னிஷன் போட்டாலும் டிக் டிக் சத்தம் வராது. தட்டினால் ஓடும், அடுத்த வாரம் மறுபடி நிற்கும். டயர் பட்டன் தேயாமலே இருக்கும். அதை நம்ப வேண்டாம், பக்கச் சுவரில் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள்: 3512 என்றால் 2012-இன் 35-ஆவது வாரம். ஐந்து டயர், எல்லா ஹோஸ்கள், பம்ப் ஆகியவற்றின் விலையைக் கூட்டி, கேட்ட விலையில் கழித்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.