டிஎன்எஸ்செக்-கவரேஜ்: ஏழு வருடம் கூடவே வைத்திருந்த அனுபவம்

பெங்களூரு முருகேஷ்பாளையாவில் ஒரு சின்ன ஹோஸ்டிங் அலுவலகத்தில் டொமைன் பெயரைக் கேட்டால் அதன் முகவரியைச் சொல்லும் நேம்சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்தப் பதில் வழியில் மாற்றப்படவில்லை என்பதை ஒரு சாவியால் கையொப்பமிட்டு உறுதிசெய்யும் முறைதான் டிஎன்எஸ்செக். அப்படிக் கையொப்பம் போட்ட டொமைன்கள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. 2015 முதல் 2022 வரை, ஒரு சாவி ஓய்ந்து அடுத்தது வேலைக்கு வருவதற்குள் இடைவெளி விழுகிறதா என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது பைண்ட் என்ற நேம்சர்வர் மென்பொருளோடு வந்த டிஎன்எஸ்செக்-கவரேஜ் என்ற கருவிதான்.

அதைத் தேடிப் போக வைத்தது ஒரு திங்கட்கிழமை. அல்சூரில் மளிகைக் கடை வைத்து ஆன்லைனிலும் விற்கிற திருநெல்வேலி அண்ணாச்சி போன் செய்தார். "தம்பி, சைட் திறக்குது. ஆனா ரெண்டு நாளா ஒரு ஆர்டர் மெயில்கூட வரலியே." சர்வரில் ஒரு குறையும் தெரியவில்லை. கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வரான 8.8.8.8-இடம், டிஎன்எஸ் பதிவுகளை விசாரிக்கும் டிக் கட்டளையால், மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவைக் கேட்டேன். செர்வ்ஃபெயில், அதாவது பதில் தர முடியவில்லை. 'கையொப்பத்தைச் சரிபார்க்காதே' என்னும் சிடி கொடியோடு கேட்டதும் பதில் உடனே வந்துவிட்டது. பதிவு பத்திரமாக இருக்கிறது, கையொப்பம்தான் காலாவதி.

சாவிக் கோப்பைத் திறந்து பார்த்தேன். பதிவுகளுக்குக் கையொப்பமிடும் சாவியான இசட்எஸ்கே-யின் 'இன்ஆக்டிவ்' (ஓய்வு) தேதி கடந்து பத்து நாள் ஆகியிருந்தது. அடுத்த சாவியை யாரும் உருவாக்கவே இல்லை. பத்து நாள் ஏன் ஒன்றும் தெரியவில்லை என்றால், பைண்ட் போடும் கையொப்பம் வழக்கமாக 30 நாள் செல்லும். ஏழரை நாள் மிச்சம் இருக்கும்போது புதுப்பிக்கும். சாவி ஓய்ந்து, மாற்றுச் சாவியும் இல்லாததால் பழைய கையொப்பங்களை அப்படியே வைத்துக்கொண்டது. அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாளில் முடியும். எம்எக்ஸின் கையொப்பம் முதலில் முடிந்துவிட்டது, வெப்சைட்டின் பதிவுக்கு இன்னும் நாள் இருந்தது. லாக்கில் எச்சரிக்கை வந்திருக்கிறது. நாங்கள்தான் பார்க்கவில்லை.

அவசரத்தில் புதுச் சாவியைப் போட்டு அதிலேயே கையொப்பமிடத் தொடங்கியிருந்தால், பயனர்களுக்காக டிஎன்எஸ் பதில்களைத் தேடித் தரும் ரிசால்வர்களின் கேச்சில் (தற்காலிகச் சேமிப்பில்) இருந்த பழைய சாவித் தொகுப்போடு அது பொருந்தாமல் தொல்லை கூடியிருக்கும். அதனால் பழைய சாவியின் தேதியையே தள்ளிப்போட்டேன். அனுப்பிய சர்வர்கள் விடாமல் முயன்றுகொண்டிருந்ததால் தேங்கிய மெயில்கள் அன்று மாலையிலிருந்து வரத் தொடங்கின. அண்ணாச்சி கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது.

இந்தக் கருவி செய்வது எளிய வேலை. சாவிகள் இருக்கும் அடைவைக் காட்டினால், ஒவ்வொரு கோப்பிலும் உள்ள பப்ளிஷ் (வெளியிடுதல்), ஆக்டிவேட் (வேலை தொடங்குதல்), இன்ஆக்டிவ், டிலீட் (நீக்குதல்) தேதிகளைப் படிக்கும். முதலில் ஒரே சாவிக்குள் தேதிகள் முரண்படுகின்றனவா என்று பார்க்கும். பிறகு வரப்போகும் நிகழ்வுகளை வரிசையாக நடத்திப் பார்த்து, எந்த நாளில் கையொப்பமிடச் சாவியே இல்லாமல் போகும் என்று சொல்லும். அக்டோபரில் விழப்போகும் ஓட்டையைப் பிப்ரவரியிலேயே காட்டிவிடும். வாரம் ஒரு முறை, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் ஓடவிட்டு, பிழை இருந்தால் மட்டும் மெயில் வரும்படி வைத்திருந்தேன்.

இரண்டு விஷயத்தை ஆரம்பத்திலேயே சரிசெய்துகொள்ள வேண்டும். டொமைனின் பதிவுகள் அடங்கிய ஜோன் கோப்பையோ, ஒரு பதிவு கேச்சில் இருக்கக்கூடிய நேரமான டிடிஎல்லின் அதிகபட்சத்தையோ கொடுக்காவிட்டால், அதை ஒரு வாரம் என்று தானே எடுத்துக்கொள்ளும். எங்கள் ஜோன்களில் ஒரு நாளுக்கு மேல் டிடிஎல் கிடையாது. அதனால் தேவையில்லாத எச்சரிக்கைகள் வந்தன. வீண் எச்சரிக்கை ஆபத்தானது, நிஜமானது வரும் நாளில் கண் அதைத் தாண்டிப் போய்விடும். அடுத்தது, எவ்வளவு தூரம் முன்னால் பார்ப்பது என்ற வரம்பு. வரம்பு இல்லையென்றால், கடைசிச் சாவி முடிகிற நாளை ஒவ்வொரு முறையும் பிழையாகக் காட்டும். நான் ஆறு மாதம் வைத்தேன்.

அது பார்க்காததும் உண்டு. ஒரு முறை புதுச் சாவியை ரூட் (முழு அதிகாரமுள்ள) பயனராக உருவாக்கிவிட்டு, கோப்பின் உரிமையை மாற்ற மறந்துவிட்டேன். பைண்டின் நேம்டு செயலியால் அதைப் படிக்க முடியவில்லை. கருவியும் ரூட்டாகவே ஓடியதால் 'பிழை இல்லை' என்றது. அது படிப்பது தேதிகளை மட்டும்தான். அதன் பிறகு, பப்ளிஷ் தேதி கடந்ததும் வெளியிலிருந்து சாவிகளை வெளியிடும் டிஎன்எஸ்கீ பதிவைக் கேட்டு, புதுச் சாவி வந்திருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதை வழக்கமாக்கினேன். டொமைனைப் பதிவுசெய்து தரும் ரெஜிஸ்ட்ராரிடம் உள்ள, நம் சாவியை மேல்நிலை ஜோனில் உறுதிசெய்யும் டிஎஸ் பதிவும் இதன் பார்வைக்கு வெளியேதான். சாவித் தொகுப்புக்கே கையொப்பமிடும் கேஎஸ்கே சாவியை மாற்றும்போது அதைத் தனியாகப் பார்த்தாக வேண்டும்.

எவ்வளவு முன்கூட்டியே சாவியை வெளியிடுவது என்று புதிதாகச் சேர்பவர்கள் கேட்டால், டிஎன்எஸ் அடுக்கின் உச்சியான ரூட் ஜோனைக் காட்டுவேன். 2017 அக்டோபர் 11-இல் நடக்கவிருந்த கேஎஸ்கே மாற்றத்தை, எல்லா ரிசால்வர்களும் தயாராக இல்லை என்று தெரிந்ததும் தள்ளிவைத்து, 2018 அக்டோபர் 11-இல் நடத்தினார்கள். அதற்கடுத்த சாவியை 2025 ஜனவரி 11-இல் வெளியிட்டுவிட்டு, மாற்றத்தை 2026 அக்டோபர் 11-க்கு வைத்தார்கள். நமக்கு அவ்வளவு காலம் வேண்டாம். ஆனால் டிஎன்எஸ்கீ-யின் டிடிஎல்லைவிடக் குறைவாக மட்டும் வைக்கக் கூடாது. பழைய சாவியின் வாரிசாகப் புதிதை உருவாக்கச் சொன்னால், சாவி உருவாக்கும் டிஎன்எஸ்செக்-கீஜென் கட்டளை தானாகவே 30 நாள் முன்னால் வெளியிடும் தேதியைப் போட்டுவிடும். கையால் தேதி எழுதுவதைவிட அது நல்லது.

பைண்ட் 9.18-இல் இந்தக் கருவியை மூலத் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். நாங்களும் பைண்டிலேயே உள்ள டிஎன்எஸ்செக்-பாலிசி அமைப்புக்கு மாறினோம். அது சாவியை உருவாக்கி, வெளியிட்டு, ஓய்வுகொடுத்து எல்லாவற்றையும் தானே செய்கிறது. டிஎஸ் மாறியது உறுதியாகும்வரை பழைய கேஎஸ்கே-யை எடுப்பதில்லை. தேதி வந்துவிட்டது என்பதற்காக மட்டும் அது எதையும் கழற்றாது என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

இப்போதும் மாதத்தின் முதல் திங்கட்கிழமை பைண்டைக் கட்டுப்படுத்தும் ஆர்என்டிசி கட்டளையில் எல்லா ஜோன்களின் நிலையையும் எடுத்து, அடுத்த மாற்றம் எந்தத் தேதியில் என்ற வரியை மட்டும் பிரித்துப் பார்க்கிறேன். பட்டியலில் முதலில் வருவது அண்ணாச்சியின் டொமைன். அந்த வரிசையை நான்தான் வைத்தேன்.